கடிக்குது, ஆனா கரைக்கு வரல: ஃப்ளை ஃபிஷிங்ல சுண்டுறதும் மீனைக் கரை சேர்க்குறதும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் இப்ப ஃப்ளை ராட் வச்சிருக்கவங்க கொஞ்சப் பேரு இருக்கோம், புழுவுக்குப் பதிலா முள்ளுல இறகு, நூலு சுத்திக் கட்டுன பொய்ப் பூச்சியைத்தான் ஃப்ளைன்னு சொல்றோம். கண்மாய்ல பழகிட்டு, லீவு கிடைக்கிறப்ப மலைப்பக்கமோ இமாச்சலோ போயி குளிர்ந்த ஓடையில இருக்க ட்ரவுட் மீனுக்கு ராட் போடுறவங்க. இவங்க எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான், மீன் வருது, ஃப்ளைய வாங்குது, ஆனா மாட்ட மாட்டேங்குது, இல்லன்னா மாட்டி பாதி தூரம் வந்துட்டு கழண்டுருது. கேட்ட கேள்விகளை எல்லாம் சேத்து ஒரே இடத்துல பதில் எழுதிட்டா நல்லதுன்னு தோணுச்சு. படிச்சுட்டே வர்றப்ப ஒன்னு கவனிப்பீங்க, பாதி பதில் ஒரே இடத்துல வந்து நிக்கும்: லைன்ல தொய்வு. ராட் பிடிச்ச கை இல்ல, லைன் பிடிச்ச கைதான் மீன் பிடிக்குதுங்குறது என் முடிவு, அதுல நான் மாறப்போறதில்ல.

மீன் மேல வந்து தண்ணி மேல மிதக்குற ட்ரை ஃப்ளைய எடுக்குறதை கண்ணால பாக்குறேன் அண்ணே, உடனே சுண்டுறேன், ஃப்ளை மட்டும் பறந்து முகத்துக்கு வருது. ஏன்?

ரெண்டு காரணம் இருக்கலாம். ஒன்னு, சீக்கிரம் சுண்டிட்டீங்க. ட்ரவுட் மேல வந்து வாயைத் திறந்து ஃப்ளையத் தண்ணியோட சேத்து உள்ள வாங்கும், வாங்கிட்டு வாயை மூடி தலையைக் கீழ திருப்பும். தலை திரும்புறப்ப சுண்டினா முள்ளு வாயோரத்துல போய் உக்காரும், திறந்த வாயா இருக்கப்ப சுண்டினா ஃப்ளை வந்த வழியே வெளிய வந்துரும். பெரிய மீனு, அமைதியான மடு, மெதுவா எழும்புது, அப்படின்னா மீன் எடுத்ததும் மனசுக்குள்ள நிதானமா "குன்றக்குடி முருகா"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு ராட்டைத் தூக்குங்க, அம்புட்டுதான் நேரம்.

ஆனா இதையே எல்லா இடத்துக்கும் வச்சுக்காதீங்க. நீலகிரி ஓடைங்கள்ல இருக்க சின்ன ரெயின்போ ட்ரவுட்டு வேகமான தண்ணில சட்டுனு எடுத்து சட்டுனு துப்பிரும். அங்க முருகனைக் கூப்பிட நேரமே கிடையாது, பாத்ததும் தூக்கணும். தண்ணி மெதுவா போனா நீங்களும் மெதுவா, தண்ணி ஓடினா நீங்களும் வேகமா.

ரெண்டாவது காரணம் தொய்வு. நீங்க சரியான நேரத்துலதான் தூக்குறீங்க, ஆனா ராட் நுனிக்கும் ஃப்ளைக்கும் நடுவுல லைன் நெளிஞ்சு கிடந்தா நீங்க தூக்குனது எல்லாம் அந்த நெளிவை நிமுத்துறதுக்கே செலவாயிரும். மீனுக்கு ஒன்னும் போய் சேராது.

அப்ப எம்புட்டு வேகமா சுண்டணும்? நம்ம தக்கை தூண்டில்ல சுண்டுற மாதிரியா?

இல்ல தம்பி. மூங்கில் கம்புல கெட்டி தங்கூசி கட்டி, தக்கை முங்குனதும் வெட்டி இழுத்து கரையிலயே போடுறோம்ல, அந்தப் பழக்கம்தான் நம்மாளுகளுக்கு முதல் எதிரி. அங்க நரம்பு தடி, லைன் நீளம் கம்மி, அதனால பலம் போட்டா தாங்கும். இங்க லைனோட கடைசில ஃப்ளைய கட்டுற மெலிசு நரம்பு, டிப்பெட்டு, தலைமுடியைவிட கொஞ்சம்தான் தடி, ட்ரவுட்டுக்குப் போடுற முள்ளும் சன்னம், 14, 16 சைஸ் முள்ளு ஏர்றதுக்கு பலமே வேணாம்.

செய்ய வேண்டியது ரெண்டு கையும் ஒரே நேரத்துல. ராட் நுனியை ஒரு முழம், ஒன்றரை முழம் சீரா தூக்குங்க, இடது கையால லைனை ஒரு சாண் கீழ இழுங்க. இறுகுனது கைக்குத் தெரிஞ்சதும் நிறுத்திருங்க. தோளுக்கு மேல ராட் போச்சுன்னா அது சுண்டுறது இல்ல, வீச்சு. நான் புதுசா வர்றவங்ககிட்ட "அடிக்காதீங்க, இறுக்குங்க"ன்னுதான் சொல்றது.

தொய்வு தொய்வுன்னு சொல்றீங்க, நான் லைனை நேராத்தானே போடுறேன். அது எங்க இருந்து வருது?

போடுறப்ப நேராத்தான் விழும். விழுந்த அடுத்த நொடியில இருந்து தண்ணி அதைக் கெடுக்க ஆரம்பிக்கும். தண்ணி வர்ற பக்கமா மேல போட்டீங்கன்னா லைன் உங்க பக்கமே மிதந்து வரும், வர வர உங்க முன்னாடி லைன் குவியும். குறுக்க போட்டீங்கன்னா நடுவுல வேகமா ஓடுற தண்ணி லைனோட நடுப்பகுதியைக் கீழ இழுத்துட்டுப் போயிரும், ஃப்ளை மேல கிடக்கும், லைன் வளைஞ்சு கீழ கிடக்கும். இந்த நேரத்துல மீன் எடுத்தா நீங்க தூக்குறது வளைவைத்தான். கிணத்துக்குள்ள கயிறு தொளதொளன்னு கிடக்குறப்ப மேல கைய ஒரு முழம் தூக்குனா வாளி அசையுமா? கயிறு இறுகுன பிறகுதான் அசையும், இதுவும் அதேதான்.

என்ன பண்ணணும்னா, லைன் தண்ணில விழுந்த உடனே முதல் வேலை ராட் பிடிச்ச கையோட ஆள்காட்டி விரலுக்கு அடியில லைனைக் கொண்டு வந்துருங்க. இடது கை அந்த விரலுக்குப் பின்னாடி லைனை இழுக்கணும், தண்ணி எந்த வேகத்துல லைனைக் கொண்டு வருதோ அதே வேகத்துல. கூட இழுத்தா ஃப்ளை இழுபட்டு மீன் சந்தேகப்படும், கம்மியா இழுத்தா தொய்வு. குறுக்க போட்டா, லைன் விழுந்ததும் நுனியால வளைவைத் தூக்கி தண்ணி வர்ற பக்கமா திருப்பிப் போடுங்க, மெண்ட் பண்றதுன்னு சொல்றோம்ல அதான். ராட் நுனி தண்ணிக்குக் கிட்ட இருக்கட்டும், நெஞ்சு உயரத்துல தூக்கிப் பிடிச்சா நுனியில இருந்து தண்ணி வரைக்கும் தொங்குற லைனே ஒரு தொய்வுதான், அதுபோக சுண்டுறப்ப மேல தூக்க இடமும் இருக்காது.

இன்னொன்னு, ரொம்ப தூரம் போடாதீங்க. தூரமா போடுறது பாக்க அழகா இருக்கும், ஆனா தண்ணியில கிடக்குற ஒவ்வொரு அடி லைனும் உங்களுக்கும் முள்ளுக்கும் நடுவுல ஒரு தாமதம், ஃப்ளை லைனே கொஞ்சம் இழுபடும் வேற. 30 அடிக்குள்ள குனிஞ்சு நெருங்கிப் போயி போடுறவருக்கு 60 அடி போடுறவரைவிட மீன் அதிகமா மாட்டுறதைப் பாத்துக்கிட்டே இருக்கேன்.

இதை நம்ம ஊர்ல எங்க பழகுறது? ஓடுற தண்ணியே இல்லையே.

ஐப்பசி, கார்த்திகைல மழை நல்லா பெஞ்சு கண்மாய் நிறைஞ்சா கலுங்குல தண்ணி போகும். கலுங்கைத் தாண்டி கீழ கால்வாய்ல தண்ணி பிரிஞ்சு ஓடுற இடம் இருக்குல்ல, ஒரு பக்கம் வேகம், கரையோரம் மெதுவு, நடுவுல ஒரு கல்லு, கல்லுக்குப் பின்னாடி சுழல். ட்ரவுட் ஓடைல இருக்க அத்தனை சிக்கலும் சின்ன அளவுல அங்க இருக்கு. தண்ணி முழங்காலுக்குக் கீழ இருக்கப்ப மட்டும் போங்க, பெருக்கெடுத்து போறப்ப கலுங்கு பக்கமே போகாதீங்க. முள்ளோட நுனியை ஒடிச்சுட்டு ஒரு ஃப்ளை கட்டி, மஞ்சள் கம்பளி நூலு கொஞ்சம் தக்கை மாதிரி மிதந்து கடியைக் காட்டுற இண்டிகேட்டரா வச்சு, மேல இருந்து கீழ மிதக்க விட்டுக்கிட்டே லைனை வாங்கிப் பழகுங்க. யாரையாச்சும் கூட்டிட்டுப் போயி "இப்ப"ன்னு திடீர்னு சொல்லச் சொல்லுங்க, சொன்னதும் தூக்குங்க. ஃப்ளை உடனே துள்ளிச்சுன்னா தொய்வு இல்ல. லைன் மட்டும் நகந்து ஃப்ளை பிறகு வந்துச்சுன்னா எங்க தொய்வு இருந்துச்சுன்னு கண்ணுக்கே தெரியும்.

மத்த மாசத்துல கண்மாய்தான். குடிதண்ணி ஊருணியில ராட் போடாதீங்க, அது ஊர்க் கட்டுப்பாடு, மதிக்கணும். கண்மாய்லயும் மீன் பாசி ஏலம் எடுத்தவுக இருப்பாக, அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க, பிடிச்சதை விட்டுறேன்னு சொன்னா பெரும்பாலும் சரிம்பாக. கரையில கருவேல மரம் பின்னாடி நிக்கும், பின்பக்கம் லைன் போச்சுன்னா முள்ளுல சிக்கி ஃப்ளை போயிரும், அதனால லைனைப் பின்பக்கம் வீசாம முன்னாடியே உருட்டிப் போடுற ரோல் காஸ்ட்டு கட்டாயம் கத்துக்கங்க. மலை ஓடைல சோலைக்குள்ள நிக்குறப்ப இதே ரோல் காஸ்ட்டுதான் கை கொடுக்கும்.

தண்ணிக்குள்ள முங்கிப் போற நிம்ஃப் ஃப்ளை போடுறப்ப மீன் கடிக்குறதே தெரிய மாட்டேங்குது. இண்டிகேட்டர் முங்குனாதானே கடி?

முங்குற வரைக்கும் காத்திருந்தா பாதி மீனைத் தெரியாமலே விட்டுருவீங்க. ட்ரவுட்டு தண்ணிக்குள்ள ஒரே இடத்துல நின்னுக்கிட்டு, வர்றதை வாயில வாங்கிப் பாக்கும், சாப்பாடு இல்லன்னு தெரிஞ்சா கண்ணிமைக்கிற நேரத்துல துப்பிரும். மேல மிதக்குற இண்டிகேட்டர்ல அது தெரியுறது ரொம்பச் சின்னதா: ஒரு தயக்கம், பக்கத்துல போற நுரையைவிட ஒரு கணம் மெதுவா போறது, லேசா பக்கவாட்டுல திரும்புறது. நுரையைக் கவனிங்க, இண்டிகேட்டரும் நுரையும் ஒன்னா போயிட்டு இருந்து, நுரை போகுது இது நிக்குதுன்னா தூக்கிருங்க. கல்லா இருக்கலாம், இலையா இருக்கலாம், பரவால்ல. சந்தேகம் வந்தா தூக்குங்க, தூக்குறதுக்கு காசு கிடையாது. சின்னதா தூக்குனா ஃப்ளை ரெண்டு சாண்தான் நகரும், மீன் இல்லன்னா அப்படியே திரும்ப விழுந்து மிதக்கும்.

இதுக்கு நம்ம ஊர் ஜிலேபி கெண்டையைவிட நல்ல வாத்தியாரு இல்ல. 1952ல இந்தியாவுக்குக் கொண்டு வந்த மீனு, இப்ப கிட்டத்தட்ட எல்லாக் கண்மாய்லயும் இருக்கு. வாயால உறிஞ்சிப் பாத்துட்டு சத்தமில்லாம துப்பும், இழுப்பே இருக்காது. சின்ன நிம்ஃப் 14 சைஸ் போட்டு ஜிலேபியை ஒழுங்கா மாட்டத் தெரிஞ்சா ட்ரவுட் கடி உங்களுக்குத் தெளிவா தெரியும்.

ராட்டை எந்தப் பக்கமா தூக்கணும்? நேரா மேலயா?

ட்ரை ஃப்ளைக்கு மேல தூக்குனா போதும். நிம்ஃபுக்கு, தண்ணி போற பக்கமா சாச்சு இழுங்க. ட்ரவுட் எப்பவும் தண்ணி வர்ற பக்கம் முகத்தை வச்சுதான் நிக்கும். அதுக்கு மேல இருந்து நீங்க மேல்பக்கமா இழுத்தா ஃப்ளை வாய்க்கு நேரா முன்னாடி வெளிய வந்துரும். கீழ்ப்பக்கமா பக்கவாட்டுல இழுத்தா முள்ளு வாய்க்குள்ள திரும்பி தாடை மூலையில போய் உக்காரும். அந்த மூலைதான் முள்ளு பிடிச்சா கழறாத இடம். சும்மா ஒரு மாசம் இதை மட்டும் மாத்திப் பாருங்க.

மீன்குஞ்சு மாதிரி கட்டுன ஸ்ட்ரீமர் ஃப்ளை போட்டு இழுக்குறப்ப தட்டுது, ராட்டைத் தூக்குனா போயிருது.

ராட்டைத் தூக்கவே கூடாது. நுனி தண்ணியத் தொடுற மாதிரி நேரா ஃப்ளைய நோக்கி இருக்கட்டும், தட்டுனது தெரிஞ்சா இடது கையால நீளமா, உறுதியா ஒரே இழுப்பு. ஸ்ட்ரீமர் முள்ளு தடிச்ச கம்பி, அதுக்கு நேர் இழுப்பு வேணும், வளையுற ராட் நுனி அந்த பலத்தைத் தின்னுரும். முக்கியமான லாபம், மீன் மாட்டலன்னாலும் ஃப்ளை ஒரு முழம்தான் நகரும், அடிபட்ட மீன்குஞ்சு தப்பிக்கப் பாக்குதுன்னு நெனச்சு திரும்ப வந்து அடிக்கும். ராட்டைத் தூக்கியிருந்தா ஃப்ளை ஆகாயத்துல இருக்கும்.

விராலுக்கு ராட் போட்டவங்களுக்கு இது சொல்லாமலே புரியும், அதுக்கு வாய் அம்புட்டு கெட்டி. ஒரு வேண்டுகோள், குஞ்சுக் கூட்டத்தோட மேல வர்ற விராலை மட்டும் பிடிக்காதீங்க, காவல் போச்சுன்னா அந்தக் கூட்டமே மத்த மீனுக்கு இரையாயிரும்.

தண்ணி போற பக்கமா கீழ போட்டு லைனை இறுக்கமா குறுக்க வர விடுறப்ப டக்குனு இழுக்குது, அப்புறம் ஒன்னும் இல்ல.

அங்க தொய்வு இல்லாததுதான் பிரச்சனை. லைன் ஏற்கனவே விறைப்பா இருக்கு, மீன் உங்களுக்கு நேர் கீழ இருக்கு, நீங்க சுண்டினா வாயில இருந்து உருவி எடுத்துருவீங்க. விரலுக்கும் ரீலுக்கும் நடுவுல ஒரு முழம் லைனை லூஸா தொங்க விடுங்க, மீன் இழுத்தா அது போகட்டும், மீன் திரும்பினதும் தானா இறுகும், அப்ப பக்கவாட்டுல மெதுவா சாய்ங்க. சுண்டவே வேணாம்.

முள்ளு புதுசுதான், ஆனாலும் மாட்டல. கூர்மை எப்படிப் பாக்குறது?

கட்டைவிரல் நகத்துல நுனியை வச்சு பலம் போடாம இழுங்க. கீறிக்கிட்டு நின்னா கூர்மை, வழுக்கிட்டுப் போனா மொட்டை. புதுசான்னு கேக்காதீங்க, ஒவ்வொரு தடவை கல்லுல தட்டுனதும் பாருங்க, நிம்ஃப் போடுறவங்களுக்கு நுனி மடங்குறது சர்வசாதாரணம். சின்ன அரம் ஒன்னு பையில இருக்கட்டும், ரெண்டு தேய்ப்பு தேய்ச்சா சரியாயிரும், ரொம்ப மடங்கிருந்தா தூக்கிப் போடுங்க. ஈர ஃப்ளைய டப்பாவுல போட்டு மூடுறதும் துருப்பிடிக்க வழி, வீட்டுக்கு வந்ததும் வளவுல நிழல்ல டப்பாவைத் திறந்து காய வைங்க.

முள்ளு நுனிக்குப் பக்கத்துல பின்னோக்கி நீட்டிக்கிட்டு இருக்க எதிர்முள்ளை நசுக்கிட்டா மீன் கழண்டுராதா?

லைன் இறுக்கமா இருந்தா கழறாது. நசுக்குன முள்ளு லேசா உள்ள ஏறும், முழுசா ஏறும், அதனால மாட்டுறது கூடும். கழறுறது தொய்வு விடுறப்பதான். மீனுக்கும் நல்லது, உங்க காதுல ஏறுனாலும் நல்லது.

சுண்டினதும் டிப்பெட் அறுந்துருது. எந்த அளவு போடணும்?

முதல்ல அளவு. டிப்பெட் உறையில 4 எக்ஸ், 5 எக்ஸ்னு போட்டிருக்கும், எண்ணு கூட கூட மெலிசு. 11ல இருந்து அந்த எண்ணைக் கழிச்சா அங்குலத்துல ஆயிரத்துல எத்தனை பங்குன்னு வந்துரும், 5 எக்ஸ்னா 6, அதாவது 0.15 மில்லிமீட்டர், 4 எக்ஸ் 0.18 மில்லிமீட்டர். முள்ளு சைஸை மூணால இல்லன்னா நாலால வகுத்தா பொருத்தமான எண்ணு கிடைக்கும், 16 முள்ளுக்கு 4 இல்ல 5. எவ்வளவு தடியா போட முடியுமோ அவ்வளவு தடியா போடுங்க, மெலிசு போட்டுட்டு பயந்து பயந்து மீனை அரை மணி நேரம் அலைக்கழிக்கிறது ரெண்டு பேருக்கும் நல்லதில்ல.

அறுந்தா அறுந்த நுனியைப் பாருங்க. சுருள் சுருளா இருந்தா முடிச்சு நழுவியிருக்கு. முடிச்சை எச்சில் தொட்டு நனைச்சு மெதுவா இறுக்கணும், காஞ்ச நரம்பை வேகமா இறுக்குனா சூட்டுல நரம்பு கெட்டுரும். நடுவுல அறுந்திருந்தா அங்க காத்து போட்ட முடிச்சு ஏதாச்சும் இருந்திருக்கும், அது பலத்தைக் கிட்டத்தட்ட பாதி ஆக்கிரும், அப்பப்ப விரலை ஓட்டிப் பாத்து முடிச்சு இருந்தா வெட்டிட்டு திரும்ப கட்டுங்க, சோம்பல் பண்ணாதீங்க. எல்லாம் சரியா இருந்தும் அறுந்தா நரம்பு பழசு. நம்ம ஊர் வெயில்ல கார் டேஷ்போர்டுல சித்திரை மாசம் பூரா கிடந்த நைலான் டிப்பெட்டை நம்பி இமாச்சல் போகாதீங்க, புதுசு வாங்குங்க.

மாட்டினதும் உடனே ரீலைச் சுத்தணுமா?

அவசரப்படாதீங்க. சுண்டின உடனே விரலால லைனை ராட்டோட அழுத்திப் பிடிங்க. சின்ன மீனுன்னா கையாலயே லைனை இழுத்துக் கொண்டு வரலாம், ரீலே தேவையில்ல. பெரிய மீனு ஓட ஆரம்பிச்சா காலடியில கிடக்குற லைன் விரலுக்குள்ள வழுக்கிட்டுப் போகட்டும், எல்லாம் போனதும் தானா ரீலுக்கு வந்துரும். மீன் இன்னும் பக்கத்துலயே நிக்குறப்ப குனிஞ்சு ரீலைச் சுத்தப் போனா அந்த ரெண்டு நொடியில தொய்வு வந்து மீன் போயிரும். காலடியில செடி, கருவேல முள்ளு இருந்தா ராட் போடுறதுக்கு முன்னாடியே ஒதுக்கி விட்டுருங்க, லைன் அதுல சிக்குறது மீன் ஓடுறப்பதான் தெரியும்.

சண்டை போடுறப்ப ராட்டை எப்படிப் பிடிக்கணும்? நேரா மேல தூக்கி வளைச்சுப் பிடிக்கணும்னு சொல்றாங்க.

போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஒரு காரியம் பண்ணுங்க, கடையில கொக்கித் தராசு ஒன்னு வாங்கி தூணுல கட்டி, லைன் நுனியை அதுல மாட்டி, வளவுக்கு அந்தப் பக்கம் நின்னு ராட்டை நேரா மேல தூக்கி இழுங்க. வளைவு பிரமாதமா இருக்கும், தராசு முள்ளு கொஞ்சம்தான் நகந்திருக்கும். அதே ராட்டைப் பக்கவாட்டுல தாழ்த்தி, கைப்பிடிக்கு மேல இருக்க தடிச்ச பகுதி வளையுற மாதிரி பிடிச்சு இழுங்க, தராசு ஏறுறதைப் பாப்பீங்க. நுனி வெறும் அதிர்ச்சி தாங்கத்தான், மீனைத் திருப்புறது அடிப்பகுதி. இந்த தராசு வேலையை ஒரு சாயங்காலம் செஞ்சு பாத்தவங்க அப்புறம் ராட்டை மேல தூக்கிக்கிட்டு நிக்குறதில்ல.

அதனால பக்கவாட்டு இழுப்பு. மீன் வலது பக்கம் போனா ராட்டை இடது பக்கம் தாழ்த்துங்க, அது திரும்புனா நீங்களும் மாத்துங்க. தலை எந்தப் பக்கம் போகுதோ உடம்பு பின்னாடி வரும், தலையைத் திருப்பிக்கிட்டே இருந்தா மீன் சீக்கிரம் களைக்கும். ஓடுறப்ப ஓட விடுங்க, நின்னதும் ஒரு நொடி கூட சும்மா விடாதீங்க, லைனை வாங்குங்க.

நீங்க நிக்குற இடமும் முக்கியம். மீன் உங்களுக்குக் கீழ போயிருச்சுன்னா தண்ணியோட பலமும் அது பக்கம் சேர்ந்துரும், நீங்க இழுக்குறது மீனை மட்டும் இல்ல, ஓடைய. கரையோரமா நடந்து மீனுக்கு நேரா, முடிஞ்சா அதுக்கும் கீழ போங்க. அப்ப அது உங்களோடயும் தண்ணியோடயும் மல்லுக்கட்டணும். கால் வழுக்குற பாறைன்னா ஓடாதீங்க, மீன் போனா போகட்டும்.

மேல குதிக்குறப்ப?

ராட்டை மீனை நோக்கித் தாழ்த்துங்க, அது தண்ணில விழுந்ததும் திரும்ப இறுக்குங்க. விறைப்பான டிப்பெட் மேல மீன் விழுந்தா அறுந்துரும். கீழ போட்டு குறுக்க வர விடுறப்ப சொன்னதைத் தவிர, நான் தொய்வு கூடாதுன்னு சொன்னதுக்கு இது ஒன்னுதான் விதிவிலக்கு, அதுவும் குதிச்சு விழுற வரைக்கும்தான்.

வலை பக்கத்துல வந்துட்டுதான் போகுது, மனசு கேக்க மாட்டேங்குது.

கடைசி ரெண்டு மீட்டர்லதான் நிறைய மீன் போகுது, ஏன்னா அங்க லைன் நீளம் கம்மி, தாங்குறதுக்கு ஒன்னும் இல்ல. கவனமா படிங்க. லைனுக்கும் டிப்பெட்டுக்கும் நடுவுல இருக்க நரம்புதான் லீடர், அது லைனோட சேர்ற முடிச்சு ராட் நுனி வளையத்துக்குள்ள போற அளவுக்குச் சுத்தாதீங்க, மீன் திரும்ப ஓடுறப்ப அந்த முடிச்சு வளையத்துல மாட்டினா கதை முடிஞ்சது. ராட் நீளத்தைவிட கொஞ்சம் கூட லைன் வெளிய இருக்கணும். வலையைப் பாத்ததும் மீன் ஒரு தடவை கட்டாயம் ஓடும், அதுக்கு விரலை லேசாக்கத் தயாரா இருங்க. மேல்மட்டத்துல தலையை ஆட்டிக்கிட்டே இருந்தா நுனியைத் தாழ்த்தி தலையைத் தண்ணிக்குள்ள இறக்குங்க, தலையாட்டுல முள்ளு கழறும்.

களைச்சு பக்கவாட்டுல சாயுறப்ப வலையை முன்னாடியே தண்ணிக்குள்ள அமுக்கி அசையாம வச்சிருங்க, ராட்டை உங்களுக்குப் பின்னாடி மேல கொண்டு போங்க, மீனோட தலை வலை வளையத்துக்கு மேல வழுக்கி வரட்டும், வந்ததும் வலையைத் தூக்குங்க. மீனைத்தான் வலைக்குக் கொண்டு வரணும், வலையால மீனைத் துரத்தக் கூடாது. ஊத்தா வச்சு மீன்பிடித் திருவிழாவுல சேத்துல பாஞ்சு அமுக்குற கை நமக்கு, அந்த வேகம் இங்க ஆகாது. வால் பக்கமா வலை போட்டா ஒரே உதைல முன்னாடி பாஞ்சுரும்.

ட்ரவுட் நம்ம பக்கம் எங்க கிடைக்கும்? அனுமதி வேணுமா?

ட்ரவுட் நம்ம நாட்டு மீன் இல்ல. நீலகிரிக்குக் கொண்டு வர மீன் ஆராய்ச்சியாளர் ஃபிரான்சிஸ் டே 1863ல முயற்சி பண்ணாரு, கைகூடல. அப்புறம் மீன் வளர்ப்பு நிபுணர் ஹெச்.சி.வில்சன் காலத்துல, 1907ல அவலாஞ்சில பொரிப்பகம் வந்த பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் நிலைச்சுச்சு. கொடைக்கானல், மூணாறு மலையிலயும் ட்ரவுட் விட்டாங்க. இந்த ஓடைங்க நிறைய காப்புக்காட்டுக்குள்ள இருக்கு, முக்கூர்த்தி தேசியப் பூங்கா, ராட்டோட அங்க போறதை நெனைக்கவே வேணாம். மத்த இடத்துல வனத்துறை, மீன்வளத்துறை ரெண்டு பேருகிட்டயும் கேட்டு எழுத்துல அனுமதி இருந்தா மட்டும் ராட்டை எடுங்க. இமாச்சல்ல மீன்வளத்துறையே லைசென்ஸ் கொடுக்குது, தீர்த்தன் ஆத்துப் பக்கம் போனா வழி காட்ட உள்ளூர் ஆளுங்களும் இருக்காங்க. நவம்பர் 1ல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் அங்க ட்ரவுட் முட்டையிடுற காலம்னு தடை, அதுக்கு ஏத்த மாதிரி ரயில் டிக்கெட் போடுங்க.

பிடிச்சா திரும்ப விடணுமா, சமைக்கலாமா?

கண்மாய் ஜிலேபியைக் குத்தகைக்காரவுக சரின்னு சொன்னா தாராளமா குழம்பு வைங்க, பெருகிக் கிடக்கு. ட்ரவுட்டை நான் விட்டுருவேன், லைசென்ஸ்ல எடுத்துக்க அனுமதி இருந்தாலும். விடுறதுன்னா ஒழுங்கா விடணும். கைய நனைச்சுட்டுத் தொடுங்க, காஞ்ச கை அது மேல இருக்க வழவழப்பை உரிச்சுரும். ரப்பர் வலை நல்லது. முள்ளைத் தண்ணிக்குள்ள வச்சே கழட்டுங்க, போட்டோ எடுக்கணும்னா கேமராவைத் தயாரா வச்சுட்டு அப்புறம் மீனைத் தூக்குங்க, பத்து நொடிக்குள்ள திரும்ப இறக்கிருங்க. வயித்துக்கு அடியில கைய வச்சு, தண்ணி வர்ற பக்கம் முகம் இருக்க மாதிரி பிடிச்சுக்கங்க, முன்னாடி பின்னாடி ஆட்ட வேணாம், தானா உதைச்சுக்கிட்டு போற வரைக்கும் விடாதீங்க. ஒரு தெர்மாமீட்டர் பையில இருக்கட்டும், தண்ணி 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிருச்சுன்னா அதுல ஆக்சிஜன் கம்மி, போராடுன மீன் விட்டாலும் பிழைக்கிறது கஷ்டம், அன்னைக்கு ராட்டை மடக்கி வச்சுட்டு மறுநாள் விடியக்காலைல போங்க.